உச்சுக்குக் கட்டுப்பட்ட கால்

பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதுதான் அவளுக்குப் பெரிய கவலையாகப் போயிற்று. கண்ணில் கோளாறு என்றால் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். கண் நன்றாக இருக்கிறது, சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோடும் பளிச்சென்று தெரிந்தது, கால் மட்டும் பிரேக்குக்குப் போகவில்லை என்றால், அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்கி மாட்டிக்கொள்வது?

கார் ஓட்டும் தேர்வில் இரண்டு தடவை தோற்றிருந்தாள். இரண்டு தடவையும் அதே கோட்டில்தான். நின்று போக வேண்டிய இடத்தில் நிற்காமல், கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நிதானமாக உள்ளே போய்விட்டாள். பக்கத்தில் இருந்த தேர்வு அதிகாரி ஒன்றும் பேசாமல் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

“கோட்டைப் பார்க்கலையாம்மா?” என்று இறங்கும்போது கேட்டார்.

“பார்த்தேன் சார்.”

“அப்புறம்?”

“கால் போகல சார்.”

அதிகாரியின் அத்தனை வருட உத்தியோகத்தில் யாரும் அப்படி ஒரு காரணத்தைச் சொன்னதில்லை போலிருக்கிறது. அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேறு யாராவது தோற்றிருந்தால் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டிருப்பார்கள். அவள் புருஷன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் வாத்தியார், அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாத்தியார் பெண்டாட்டிக்கே வரவில்லையாம் என்ற செய்தி, அவள் பஸ் பிடித்து வீடு வந்து சேர்வதற்குள் தெருமுனை இஸ்திரிக் கடை வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அவமானத்தைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். விஷயம் வேறு. அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஜன்னலே இல்லாத குளிர் அறையில் உட்கார்ந்து, ரத்தம் அடைத்த சின்னக் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை. வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே ஸ்வெட்டர். வெளியே மழை பெய்தது என்பதே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரியும். அந்தக் குழாய்களை ஊரிலுள்ள மருத்துவமனைகளில் இருந்து சேகரித்து வரும் வேனின் டிரைவர் வேலையை விடப் போகிறார். அந்த வேன் தனக்கு வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். வாழ்க்கையில் அவள் வாய் திறந்து கேட்ட சில விஷயங்களில் அது ஒன்று.

மேலாளர் அம்மா நல்லவள்தான். ஆனால் கறார். “இந்த மாசம் முடியறதுக்குள்ள லைசென்ஸைக் கொண்டு வந்து காட்டு. வண்டி உனக்கு. இல்லன்னா வெளியாளைப் போட்டுருவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

மாதக் கடைசியில் இன்னும் ஒரு தேர்வுதான் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வாத்தியார் பக்கத்தில் இருந்தால் அவள் அற்புதமாக ஓட்டினாள். கோட்டில் நின்றாள், குறுக்கே வருகிறவர்களுக்கு வழிவிட்டாள், வளைவில் வேகத்தைக் குறைத்தாள். பின் இருக்கையில் வறுகடலை கொறித்துக்கொண்டு வரும் நாத்தனாரே பாராட்டுவாள். நாத்தனார்தான் பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறவள். சாயங்காலம் அண்ணியின் பயிற்சியோடு இலவசமாக வீடு வந்து சேர்ந்துவிடுவாள். கட்டணத்துக்குப் பதில் கருத்துச் சொல்வாள்.

வாத்தியாருக்கு ஒரு பெருமை உண்டு. பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவரின் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். புதிதாகச் சேர வருகிறவர்களிடம் அவர் முதலில் காட்டுவது அதைத்தான். “குனிஞ்சு பாருங்க. மிதியோட ரப்பர்ல எழுத்துகூட அழியல. வண்டி வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. நான் சொல்லிக் கொடுத்தா என் காலுக்கு வேலை கிடையாது. மத்தவங்க மாதிரி கத்தவும் மாட்டேன்.”

அது உண்மை. அவர் மாணவர்கள் தேர்வில் மற்றவர்களைவிட அதிகமாகத் தோற்றார்கள் என்பதும் உண்மை. அதற்கு அவரிடம் விளக்கம் இருந்தது. “அந்த ஆபீசர் மூஞ்சியைப் பார்த்தா யாருக்குத்தான் கால் வரும்?”

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது வாத்தியாருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சை வைத்து அடைத்து, வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார் பல் மருத்துவர். வீங்கிய கன்னத்தோடு, திருஷ்டிப் பூசணிக்காய் மாதிரி வந்து காரில் உட்கார்ந்தார். பயிற்சியை ஒரு நாள்கூட விட முடியாத நிலைமை.

அவள் வண்டியை எடுத்தாள். மரச்சாமான் கடை முக்கு வந்தது. கோடு வந்தது. கோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தாண்டினாள்.

வலப்பக்கம் இருந்து ஒரு தண்ணீர் லாரி அலறிக்கொண்டு வந்தது. வாத்தியார் இரண்டு காலாலும் தன் பிரேக்கை மிதித்தார். கார் ஒரு தும்மல் போட்டு நின்றது. கடலைப் பொட்டலம் பின்னாலிருந்து பறந்து முன்னால் வந்து விழுந்தது. லாரிக்காரர் தலையை நீட்டி, அவர்கள் பரம்பரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போனார்.

“அண்ணா!” என்றாள் நாத்தனார். “உன் பிரேக்கு வேலை செய்யுது!”

வாத்தியார் பஞ்சுக்குள்ளிருந்து என்னவோ உறுமினார். அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் வாயிலிருந்து வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“நீங்க ஏங்க சொல்லல?”

“என்னத்த அண்ணி சொல்லணும்?” என்றாள் நாத்தனார், மடியிலிருந்த கடலையைப் பொறுக்கியபடி. “வண்டில ஏறினா அண்ணன் என்னிக்கு வாயைத் திறந்திருக்கான்? ஊமைச்சாமியார் மாதிரிதானே வருவான்.”

அது சரிதான். அவர் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் எதுவோ ஒன்று இன்றைக்கு வரவில்லை. அது என்ன என்று யோசித்து யோசித்து அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விடை இரண்டு நாள் கழித்துச் சமையலறையில் கிடைத்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். வீக்கம் வடிந்த வாத்தியார் எதிரில் உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் படித்த யாரோ புதுவீடு கட்டிக் குடிபோன படம். அந்தப் படத்தைப் பார்த்து அவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்தார்.

“ச்சு.”

அவள் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. கிண்ணம் சரிந்தது. பட்டாணி அடுப்படி முழுக்க ஓடியது.

அவள் பட்டாணியைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தாள். யாரோ அடுத்த வீட்டுக்காரரின் கால் தன் புடவைக்கு அடியில் இருப்பது போலப் பார்த்தாள்.

“என்னங்க, இன்னொரு தடவை பண்ணுங்க.”

“என்னத்தைப் பண்ண?”

“உச்சுக் கொட்டினீங்களே, அது.”

“நானா? நான் எங்க கொட்டினேன்? ச்சு, பட்டாணியைப் பொறுக்குவியா, அதை விட்டுட்டு…”

கால் மறுபடியும் அழுத்தியது. இந்தத் தடவை இருவரும் பார்த்தார்கள்.

பிறகு அவள் ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். சாலையில் ஆபத்து எதுவும் வருவதற்கு ஒரு கணம் முன்னால், வாத்தியாரின் கால் பிரேக்கைத் தேடிப் போவதற்கும் முன்னால், அவர் நாக்கு அந்தச் சத்தத்தைப் போட்டுவிடும். அது அவருக்கே தெரியாது. அவள் காதுக்கும் அது கேட்டதாக நினைவில்லை; காலுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. மனித மூளை சோம்பேறி இல்லை. ஆனால் மகா சிக்கனம். கண்ணாடிகளையும் கோடுகளையும் சைக்கிள்காரர்களையும் நாய்களையும் ஒரே நேரத்தில் கவனிப்பதா, பக்கத்திலிருந்து வரும் ஒரே ஒரு சத்தத்தைக் கவனிப்பதா என்று கேட்டால், அது மலிவானதைத்தான் எடுக்கும். அவள் இத்தனை மாதமாகச் சாலையைப் பார்த்து ஓட்டவில்லை. புருஷனின் நாக்கைக் கேட்டு ஓட்டியிருக்கிறாள்.

வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. “உனக்கு ஏதோ நரம்புக் கோளாறு. ஊருக்கே சொல்லிக் கொடுத்திருக்கேன். யாருக்கும் இப்படி ஆனதில்லையே.”

“ஊரையே கேட்டுருவோம் அண்ணா,” என்றாள், சத்தம் கேட்டு உள்ளே வந்த நாத்தனார்.

மறுநாள் காலை, பயிற்சிப் பள்ளியின் வாசலில் கிடந்த நீளப் பெஞ்சில் அன்றைய மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்ற ஒரு வங்கிக்காரர், புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், தையற்காரர், மருந்துக் கடைக்காரர். எல்லோர் கையிலும் போன். அவள் வாத்தியாரைப் பெஞ்சுக்குப் பின்னால் கொண்டு போய் நிறுத்தி, “ம்” என்று கண்ணைக் காட்டினாள்.

“ச்சு,” என்றார் வாத்தியார், அரைமனதாக.

பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வலது கால்கள் தரையை அழுத்தின. தையற்காரர் மட்டும் இரண்டு காலையும் அழுத்தினார். அது அவர் தொழில் போட்ட பழக்கம். யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தங்கள் கால் என்ன செய்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

வாத்தியார் உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தார். “அப்போ இத்தனை வருஷமா நான் என்னதான் சொல்லிக் கொடுத்தேன்?”

“ரப்பர் தேயாம பார்த்துக்கிட்ட. நாக்கு தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்,” என்றாள் நாத்தனார்.

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரம் இல்லை. தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

முதல் வைத்தியமாக, வாத்தியார் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவள் ஒழுங்காக ஓட்டினாள். பாதி தூரம் போன பிறகுதான் நாத்தனார் கண்டுபிடித்தாள். “அண்ணி, நீங்க இப்ப அண்ணன் மூக்கைக் கேட்டு ஓட்டறீங்க.” கவனித்தால் அது உண்மை. ஆபத்து வரும்போது வாத்தியார் மூக்கால் சர்ரென்று இழுத்தார். சரி என்று மூச்சைக் கட்டுப்படுத்தினார். அப்போது அவர் முதுகு பின்னுக்குப் போக, இருக்கை கிறீச்சிட்டது. அவள் கால் அந்தக் கிறீச்சையும் கற்றுக்கொண்டது. ஒரு கதவை அடைத்தால் இன்னொரு சந்து வழியாக வந்தது கால். கடைசியில் எதிரே ஒரு பேருந்து திடுமெனத் திரும்ப, வாத்தியார் வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் முன்கண்ணாடியில் பீய்ச்சியடித்தது. அதற்கும் அவள் பிரேக் போட்டாள்.

“நீங்க முதல்ல ரோட்டைப் பாருங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். “என் அண்ணனை வீட்டுல போய் ஆற அமரப் பார்த்துக்கலாம்.”

வழி அவளுக்கு வேலையிடத்தில் கிடைத்தது. குளிர் அறையில் ஒரு பெரிய குளிர்பெட்டி உண்டு. வெப்பம் கூடினால் அலாரம் அடிக்க வேண்டும். அது பழுதாகி, கூடினாலும் அடிக்கும், குறைந்தாலும் அடிக்கும், சும்மாவும் அடிக்கும். வந்த புதிதில் அலாரம் கேட்டதும் எல்லோரும் விழுந்தடித்து ஓடியிருக்கிறார்கள். இப்போது அது காட்டுக்கத்தலாகக் கத்தினாலும் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. அன்றைக்கும் அது அடித்தது. அவள் கையிலிருந்த சீட்டை நிதானமாக ஒட்டி முடித்தாள். ஒட்டிய பிறகுதான் மூளையில் பொறி தட்டியது.

“வாயை மூடிக்கிட்டு வராதீங்க,” என்றாள் வீட்டுக்கு வந்ததும். “கொட்டுங்க. சும்மா சும்மா கொட்டுங்க. ரோடு காலியா இருந்தாலும் கொட்டுங்க. ஏதாவது வந்தா மட்டும் கப்சிப்புனு இருங்க. நான் நிறுத்தலன்னா உங்க பிரேக்கை மிதிங்க.”

“என் பிரேக்கையா?” என்றார் வாத்தியார், சொத்தில் பங்கு கேட்டதுபோல.

அந்த நாலைந்து நாளும் ஊர் பார்த்த கூத்து சொல்லி மாளாது. ஆளில்லாத அகலச் சாலையில் வாத்தியார் “ச்சு” என்பார். கார் ஆணியடித்ததுபோல நிற்கும். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து கத்தினார்: “ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?”

“வீடே உள்ளதான்யா உக்காந்திருக்கு!” என்று நாத்தனார் ஜன்னல் வழியாகத் திருப்பிக் கொடுத்தாள்.

வாத்தியார் விடாமல் கொட்டினார். பல்லி மாதிரிக் கொட்டினார். கடைத் தெருவில், பாலத்தில், பெட்ரோல் போடும் இடத்தில் வரிசையில் நிற்கும்போதும் கொட்டினார். பல் பிடுங்கின இடத்தில் நாக்கு உரசிப் புண்ணாயிற்று. நிஜமான ஆபத்து வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு தன் பிரேக்கை மிதித்தார். ரப்பரில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒவ்வொரு நாளும் இறங்கும்போது குனிந்து அதை ஒரு தடவை பார்ப்பார்.

கால் மெல்ல மெல்லத்தான் விட்டுக்கொடுத்தது. முதலில் நின்ற கார், பிறகு தயங்கியது. பிறகு தயக்கமும் குறைந்தது. தேர்வுக்கு முந்தின சாயங்காலம், நிறுத்தியிருந்த ஒரு வேனின் மறைவிலிருந்து ஒரு பெரியவர் கையில் பையோடு சாலையில் இறங்கினார். கார் நின்றது. பெரியவர் கடந்து போனார். வாத்தியாரின் கால் தன் பிரேக்குக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாயில் பாதி உச்சு மிச்சமிருந்தது. பின்னால் நாத்தனார் கடலையை மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

“போலாமா?” என்றாள் அவள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் வாத்தியார் ஒரு வாய் வைத்துவிட்டு “ச்சு” என்றார். வழக்கமாக அந்தச் சத்தத்துக்கு உப்பு வந்துவிடும். வரவில்லை. அவள் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாத்தியார் இன்னும் கொஞ்சம் பலமாகக் கொட்டினார். அவள் மோரை எடுத்துத் தன் சோற்றில் ஊற்றினாள். வேண்டுமென்று செய்யவில்லை, நிஜமாகவே அவளுக்குக் கேட்கவில்லை.

“அண்ணா, அந்தக் கடை சாத்தியாச்சு,” என்றாள் நாத்தனார். “வாயால கேளு.”

வாத்தியார் சுற்றுமுற்றும் பார்த்தார். “நம்ம வீட்டுல உப்பு எங்கம்மா இருக்கு?”

தேர்வு நாளில் அதே அதிகாரிதான். சாத்திய கடையின் ஷட்டர் போன்ற முகம். அவளைப் பார்த்ததும் அந்த ஷட்டர் ஒரு விரல் உயரம் திறந்து மூடியது.

“கால் எப்படிம்மா இருக்கு?”

“பரவாயில்ல சார்.”

வண்டி கிளம்பியது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. முன்பு இரண்டு தடவையும் இந்த அமைதிதான் அவளைக் கவிழ்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கால் படுத்துத் தூங்கிவிட்டது. இப்போது அமைதி வேறு மாதிரி இருந்தது. அதில் தெரு இருந்தது. கதவு திறக்கப் போகிற ஒரு டாக்சி இருந்தது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடைபாதையில் நிற்கும் ஒரு பெண் இருந்தாள். கோடு வந்தது. கோட்டைப் பார்த்தாள். கார் நின்றபோதுதான் கால் போயிருக்கிறது என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் பார்த்தாள். போனாள்.

அடுத்த நீளச் சாலை காலியாகக் கிடந்தது. அதிகாரியின் பேனா எழுதவில்லை. அதை உதறிப் பார்த்தார். மறுபடி எழுதிப் பார்த்தார்.

“ச்சு,” என்றார்.

செருப்புக்குள் அவள் பெருவிரல் லேசாக அசைந்தது. அவ்வளவுதான். சாலையில் ஒன்றும் இல்லை. கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. அவள் கைப்பையைக் கண்ணால் காட்டி, “பேனா இருக்கு சார், எடுத்துக்கோங்க,” என்றாள்.

அவள் பேனாவில்தான் அவர் கையெழுத்துப் போட்டார். தேறிவிட்டாள் என்பதை அதிகாரி வாயால் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. காகிதத்தில் பெருக்கல் குறி எங்கும் இல்லை என்பதை மட்டும் தலைகீழாகப் படித்துத் தெரிந்துகொண்டாள்.

வாசலில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். ஆனாலும் தொழில்காரர், விவரம் வேண்டும்.

“கோட்டுல நின்னியா?”

“நின்னேன்.”

“முன்னாடியா, மேலயா?”

“முன்னாடி.”

“அந்தாளு ஏதாவது சத்தம் குடுத்தானா?”

“கோட்டுக்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலங்க.”

வாத்தியார் தலையை ஆட்டினார். பெருமையா, வருத்தமா என்று சொல்ல முடியாத ஓர் ஆட்டல். “நாளைலேருந்து பெஞ்சுல இருக்கிறவங்களை எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்,” என்றார். “நாக்கு தாங்குமான்னு தெரியல.”

அவள் அங்கேயே நின்று மேலாளர் அம்மாவுக்குப் போன் போட்டாள். வாத்தியார் கேட்க வேண்டும் என்று ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தாள்.

“கிடைச்சுடுச்சா? பரவாயில்லையே,” என்றாள் மேலாளர் அம்மா. “திங்கக்கிழமை காலைல சாவியை வாங்கிக்கோ. ஆனா ஒண்ணு. தனியாத்தான் ஓட்டணும். பக்கத்துல துணைக்கு ஆள் எல்லாம் போட மாட்டேன். அப்புறம் வந்து குறை சொல்லக் கூடாது.”

அவள் புருஷனை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“அதுக்குத்தான்மா இவ்வளவு பாடுபட்டேன்,” என்றாள்.